கொடிக்குப் பின்னால் ஜப்பான்!

ஒரு சின்னக் கொடி. சில சமயம் மடக்கின குடை. இன்னும் சில சமயம் கம்பி நுனியில் கட்டின பொம்மை. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் முன்னால் நடக்க, பின்னாலேயே முப்பது பேர்... டோக்கியோவின் அசாகுசா கோயில் வாசலிலோ, கியோட்டோவின் கியோமிஸு கோயில் சரிவிலோ நின்று பாருங்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் இந்த ஊர்வலம் உங்களைத் தாண்டிப் போகும். அந்த முப்பது பேரில் ஒருத்தராக நீங்களும் போகப் போறீங்கன்னு வெச்சுக்குவோம்.

விஷயத்தைச் சொன்னதும் கேன்டீனில் ஒரு குரல் கட்டாயம் வரும். "பேக்கேஜ் டூரா மச்சி? பஸ்ஸில் ஏறு, போட்டோ எடு, இறங்கு... அதுல என்னடா கல்ச்சர் தெரியும்? தனியா ஒரு பையை மாட்டிக்கிட்டுப் போகணும்டா!"

நண்பர் சொல்வது பாதி நிஜம். மீதிப் பாதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொடி பிடித்துக் கூட்டமாகப் போவது இருக்கிறதே, அதுவே அசல் ஜப்பான் சமாச்சாரம்தான்!

சீட்டுப் போட்டு டூர்

எடோ காலம், அதாவது 1603-இலிருந்து 1868 வரை. சாமானிய ஜனங்கள் இஷ்டத்துக்கு ஊர் விட்டு ஊர் போக முடியாது, அனுமதிச் சீட்டு வேண்டும். 'கோயிலுக்குப் போறேன்' என்றால் மட்டும் சுலபமாகக் கிடைக்கும். எல்லோருக்கும் போக ஆசைப்பட்ட கோயில், இசே. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) நடந்தே போனால் ஒரு வழிக்கு மட்டும் சுமார் பதினைந்து நாள். காசுக்கு எங்கே போவது?

கிராமமே சேர்ந்து 'கோ' என்று ஒரு அமைப்பு வைத்தது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள், குலுக்கல் நடக்கும், பேர் வந்தவர்கள் அந்த வருஷம் எல்லோர் சார்பிலும் இசே போய் வருவார்கள். நம்ம ஊர் குலுக்கல் சீட்டு மாதிரியேதான்! போகிறவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பூஜை எல்லாம் ஏற்பாடு பண்ணித் தர 'ஓன்ஷி' என்ற பூசாரிகள் இருந்தார்கள். பாதி பூசாரி, பாதி டிராவல் ஏஜென்ட். 1830-இல் மட்டும் சில மாதங்களில் 40 லட்சம் பேருக்கு மேல் இசேக்குப் போனதாகக் கணக்கு. அப்போது மொத்த ஜனத்தொகையே 3 கோடி சொச்சம்தான். போக முடியாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் காசு கட்டி, போகிறவர்களோடு அனுப்பி வைத்த கதையும் உண்டு. கதை இல்லை, அந்தக் கால ஓவியங்களிலேயே அந்த நாய்கள் இருக்கின்றன!

ஊரார் காசில் போய்விட்டு வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? கோயில் பிரசாதம், ரட்சை, ஏதாவது ஒன்று எல்லோருக்கும் வாங்கி வரவேண்டும். இன்றைக்கு ஜப்பானின் ஒவ்வொரு ரயில்வே ஸ்டேஷனிலும் மலை மலையாக இனிப்புப் பெட்டிகள் குவித்திருப்பார்கள், 'ஒமியாகே' என்று பேர். பெட்டிக்குள் ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியிருக்கும். ஆபீஸில் ஆளுக்கொன்று கொடுக்க வசதி! வெளியூர் போன ஊழியர் இதை வாங்காமல் வந்தால் கொஞ்சம் சங்கடம்தான். அந்தப் பழக்கத்துக்கு வேர் இந்தக் கோயில் டூர்தான் என்று சொல்வார்கள். ஆக, கடைசி நாளில் கைடு உங்களை ஒமியாகே கடையில் இறக்கிவிட்டால் 'கமிஷனுக்காக இழுத்துட்டு வந்துட்டார்' என்று முறைக்காதீர்கள். கமிஷன் இருக்கலாம், அது வேற விஷயம்!

பள்ளிக்கூடத்திலும் இது தொடர்ந்தது. 1886-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா பக்கம் பல நாள் நடைப்பயணம் போனதை 'ஷுகாகு ரியோகோ'வின் ஆரம்பம் என்பார்கள். இன்று அந்தப் பள்ளிச் சுற்றுலா போகாமல் வளர்ந்த ஜப்பானியரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அப்புறம் 1964 ஏப்ரலில் சாதாரண ஜனங்கள் வெளிநாட்டுக்குச் சும்மா சுற்றிப் பார்க்கப் போகலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட, கேமராவும் கொடியுமாக ஜப்பானியக் கூட்டம் உலகமெங்கும் கிளம்பியது.

முக்கால் மணி நேரத் தேநீர்

சரி, பஸ்ஸில் ஏறுங்க. வழக்கமான ரூட் டோக்கியோ, ஹகோனே, ஃபூஜி மலை, கியோட்டோ, ஒசாகா. 'தங்கப் பாதை' என்றே அதற்குப் பேர். நடுவில் எங்காவது 'கலாச்சார அனுபவம்' என்று அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் அது தேநீர்ச் சடங்காக இருக்கும்.

முக்கால் மணி நேரம். வரிசையாக உட்காரணும், ஒரு இனிப்பு, பச்சைத் தேநீர், போட்டோ, முடிந்தது. இது அசல் இல்லை என்று நண்பர் அடித்துச் சொல்வார். முழுச் சடங்குக்குச் சுமார் நாலு மணி நேரம் ஆகும். சாப்பாடு, இடைவேளை, கெட்டித் தேநீர், கடைசியில் நீர்த்த தேநீர். உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கடைசிப் பகுதி மட்டும். ஆனால் அது அசல் பகுதிதான். எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சா முக்கால் மணி நேரமே நிறைய.

முதலில் வாசலைப் பாருங்கள். அசல் தேநீர் அறையில் விருந்தாளிக்கான வாசல் சுமார் இரண்டடி உயரம்தான் இருக்கும். 'நிஜிரிகுச்சி' என்பார்கள். குனிந்து, முட்டி போட்டு, ஊர்ந்துதான் உள்ளே போகணும். இந்த வாசலை நிலைநிறுத்தியவராகச் சொல்லப்படுபவர் சென் நோ ரிக்யூ (1522-1591). நாடே கத்தியும் ரத்தமுமாக இருந்த காலம் அது. சாமுராய் இடுப்பு வாளோடு அந்த ஓட்டைக்குள் நுழைய முடியாது, கழற்றி வெளியில் மாட்டிவிட்டுத்தான் வரணும். வியாபாரியும் அதே வாசலில்தான், பிரபுவும் அதே வாசலில்தான். உள்ளே ரிக்யூ கட்டிய 'தாய்-ஆன்' அறையின் அளவு? இரண்டு பாய்! விருந்தாளியும் விருந்து தருபவரும் முட்டிக்கு முட்டி.

அவர் யாருக்குத் தேநீர் போட்டார் தெரியுமா? அன்றைக்கு ஜப்பானையே கையில் வைத்திருந்த டோயோடோமி ஹிதேயோஷிக்கு. அந்த ஹிதேயோஷிக்கு இன்னொரு தேநீர் அறையும் இருந்தது, முழுக்கத் தங்கத் தகடு பதித்தது! கடைசியில் 1591-இல் ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகவேண்டும் என்று உத்தரவிட்டவரும் இதே ஹிதேயோஷிதான். ஏன் என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஒரு கப் டீக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு, பாஸ்.

செய்யவேண்டியது சிம்பிள். இனிப்பை முதலில் முடிச்சிடுங்க, அப்பத்தான் தேநீரின் கசப்பு நாக்கில் சரியாக உட்காரும். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் லேசாகத் திருப்புங்க. கிண்ணத்தின் அழகான முகப்பை உங்கள் பக்கம் காட்டித் தருவார்கள், அந்த இடத்தில் வாய் வைக்காமல் இருக்கத்தான் இந்தத் திருப்பல். கடைசி வாயைச் சத்தமாக உறிஞ்சலாம், 'முடிச்சிட்டேன்' என்று அர்த்தம். முட்டி போட்டு உட்கார்ந்ததில் கால் மரத்துப் போனால் சொல்லிவிட்டு மாற்றி உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஜப்பானியப் பசங்களுக்கே மரத்துப் போகுது!

இன்னொரு ஐட்டம், கிமோனோ வாடகை. ஜாலிதான், போட்டுப் பாருங்க. இடது பக்கத் துணி மேலே வரணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வலது மேலே வந்தால் அது சவத்துக்குக் கட்டும் முறை. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, ஒருத்தர் குச்சியிலிருந்து இன்னொருத்தர் குச்சிக்கு எதையும் மாற்றக் கூடாது. இரண்டுமே சாவுச் சடங்கோடு சம்பந்தப்பட்டவை. வெந்நீர்க் குளத்துக்கு ஆண்-பெண் தனித்தனி, துணி ஒன்றும் கிடையாது, நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் குளத்தில் இறங்கணும். கூச்சமா? முதல் ரெண்டு நிமிஷம் மட்டும்.

நேரம்! அதுவும் கலாச்சாரம்தான். 8:30 என்றால் 8:30. 2017 நவம்பரில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று கம்பெனி மன்னிப்பே கேட்டது. தாமதமாக இல்லை சார், முன்னதாக! நீங்கள் அஞ்சு நிமிஷம் லேட்டாக வந்தால் கைடு சிரிச்சுக்கிட்டேதான் இருப்பார். அந்தச் சிரிப்பை நம்பாதீங்க.

மாசியும் மலைக்கோயிலும்

சைவம் சாப்பிடுகிறவர்களா? இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. டூர் கம்பெனி 'இந்தியன் மீல்ஸ் உண்டு' என்று போட்டிருந்தால் பட்டாணி பன்னீரைத் தின்றுவிட்டு வந்துவிடலாம், பிரச்னையே இல்லை. ஆனால் ஜப்பான் போய் பட்டாணி பன்னீரா? உள்ளூர்ச் சாப்பாடு என்று வந்தால் சிக்கல் 'தாஷி'யில் இருக்கிறது. சூப், நூடுல்ஸ், காய்கறிக் கூட்டு, எல்லாவற்றுக்கும் அடித்தளமான சாறு அது. கடல்பாசியோடு, காயவைத்துப் புகையூட்டிய சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்குவார்கள். நம்ம மாசிக் கருவாட்டின் சொந்தக்காரன். வெறும் முட்டைக்கோஸ் என்று நினைத்துச் சாப்பிடுவதில் மீன் கரைந்திருக்கும். சமைத்தவர் பொய் சொல்லவில்லை, 'இதில் மீன் இல்லை' என்றுதான் அவர் மனசார நினைக்கிறார். 'இறைச்சி, மீன், மீன் தாஷி எதுவும் வேண்டாம்' என்று கைடிடம் ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு நாளும் காப்பாற்றும்.

அசல் ஜப்பானிய சைவம் வேணுமா? டூர் பட்டியலில் கோயாசான் இருக்கா என்று பாருங்கள். ஒசாகாவிலிருந்து ரயிலும் கேபிள் காருமாக இரண்டு மணி நேரச் சொச்சம். கூகாய் என்ற துறவி 816-இல் நிறுவிய மலை மடம். ஐம்பது கோயில்களில் தங்கலாம். துறவிகளே பரிமாறும் 'ஷோஜின் ரியோரி'யில் கறி, மீன், பூண்டு, வெங்காயம் கிடையாது. எள்ளை அரைத்துச் செய்த தோஃபு ஒன்று வரும், விடாதீங்க. விடியற்காலை பூஜையில் உட்கார்ந்தால் சில கோயில்களில் தீ வளர்ப்பார்கள். அதன் பேர் 'கோமா'. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஹோமம்தான்!

அங்கே சுடுகாட்டு மரப்பலகைகளில் எழுதியிருக்கும் எழுத்து, சமஸ்கிருதத்தை எழுதப் பயன்பட்ட சித்தம் லிபி. பௌத்தத் துறவிகள் அதைக் கற்றதன் விளைவு இன்னொன்றும் உண்டு. ஜப்பானியப் பிள்ளைகள் இன்றைக்கு அரிச்சுவடி சொல்லும் வரிசையைக் கைடிடம் கேளுங்க: அ, இ, உ, எ, ஒ... அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' ஒரு காலத்தில் 'ப'வாக ஒலித்தது. இப்போது நம்ம க, ச, த, ந, ப, ம, ய, ர, வ-வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டுக்கும் வரிசை வந்த ஊர் ஒன்றுதான். டூரில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

கியோன் சந்தில் ஒரு பலகை

இனி கொஞ்சம் கசப்பு. நண்பர் சொன்ன அந்தப் பாதி நிஜம்.

கியோட்டோவில் கியோன் என்று ஒரு பகுதி. மரவீடுகள், காகித விளக்குகள். கெய்ஷாக்களும், 'மைக்கோ' என்ற பயிற்சிப் பெண்களும் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் தெரு. மைக்கோ என்பவர் பதின்வயதிலேயே ஊரைவிட்டு வந்து வருஷக்கணக்கில் நடனமும் இசையும் பழகும் பெண். உங்கள் வயசு, அல்லது உங்கள் தங்கை வயசு. கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் அந்தப் பெண்களைத் துரத்திப் போட்டோ எடுத்தார்கள், கிமோனோ கையைப் பிடித்து இழுத்தார்கள், வீட்டு வாசல்களுக்குள் நுழைந்தார்கள். பொறுத்துப் பார்த்த தெருவாசிகள், 2024-இல் தனியார் சந்துகளில் சுற்றுலாவாசிகள் நுழையத் தடை என்று பலகை வைத்துவிட்டார்கள். மீறினால் 10,000 யென் அபராதம். பெரிய தெரு திறந்தேதான் இருக்கிறது.

அந்த வருஷம் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி அதே தங்கப் பாதையில். ஃபூஜி மலையடிவாரத்தில் ஒரு கடையின் கூரைக்கு மேல் மலை தெரிகிற மாதிரி செல்ஃபி எடுக்கக் கூட்டம் சாலையில் குறுக்கே பாய, 2024 மே மாதம் ஊர்க்காரர்கள் கறுப்புத் திரையே கட்டினார்கள். ஆகஸ்டில் அதைக் கழற்றினார்கள். கியோட்டோவில் பஸ்ஸில் ஏற முடியாமல் உள்ளூர்ப் பாட்டிகள் நின்றதால், சுற்றுலாவாசிகளின் செல்லமான ஒருநாள் பஸ் பாஸ் விற்பனையை 2023-இல் நிறுத்தினார்கள்.

தனியாகப் போனாலும் இந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருத்தர்தான், அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் குரூப்பில் ஒரு தனி ஆபத்து உண்டு. முப்பது பேர் சேர்ந்தால் தைரியம் வந்துவிடும். ஒருத்தராக நின்றால் வாயைத் திறக்காத ஆள், கும்பலில் ரயிலுக்குள் பாட்டுப் பாடுவார். ஜப்பான் ரயிலில் செல்போனில் பேசுவதே அநாகரிகம் என்று உங்களுக்குத் தெரிஞ்சா, கடைசி சீட் கோஷ்டிக்கு நீங்கள்தான் சொல்லணும். கைடு சொல்ல மாட்டார், விருந்தாளிகள் மனம் நோகக் கூடாதே!

அந்தக் கைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1949-லேயே கைடுகளுக்கென்று தனிச் சட்டம் போட்ட நாடு அது. பல பத்தாண்டுகள் மொழி, வரலாறு, பூகோளம் என்று தேசியத் தேர்வு எழுதிப் பாஸானவர்தான் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மொழியில் வழிகாட்டலாம். 2018 ஜனவரியில்தான் அதைத் தளர்த்தினார்கள். ஆகவே முன்னால் கொடியோடு நடப்பவர் வரலாற்றில் கரைகண்டவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள். பேரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிடுங்கள் (உங்கள் பேரோடு நீங்களே 'சான்' சேர்த்துக்கொள்ளாதீர்கள், சிரிப்பார்கள்). 'இந்தக் கோயில் எப்போ கட்டினது?' என்று கேட்டால் மனப்பாடப் பதில் வரும். 'நீங்க ஸ்கூல் படிக்கிறப்போ டூர் எங்கே போனீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் பஸ் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்வரை நிற்காது.

ஒசாகா நகரத்துக் கடைத்தெருவிலோ நாராவின் மான்களிடமோ நான் உங்களுக்கு வழிகாட்ட வேண்டியதில்லை. ஃபுஷிமி இனாரியின் ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாசல்களில் மட்டும், மேலே ஏறியதும் திரும்பி நின்று பாருங்க. போகும்போது கண்ணில் படாத எழுத்துகள் பின்பக்கம் இருக்கும். காணிக்கை கொடுத்த கம்பெனிகள், கடைக்காரர்களின் பேர்கள். நெல்லுக்கும் வியாபாரத்துக்குமான சாமி ஆயிற்றே!

காசு? லட்சக்கணக்கில்தான் ஆகும், மறைக்க என்ன இருக்கு. ஆனால் ஜப்பானே செலவு செய்து அழைக்கும் குரூப் டூர்களும் உண்டு. 2014-இல் தொடங்கிய 'சகுரா சயின்ஸ்' திட்டத்தில் ஆசிய நாட்டு மாணவர்கள் குழுவாகப் போய் ஆய்வகங்களைப் பார்த்து வருகிறார்கள். ஜப்பானியக் கல்வி நிறுவனம் அழைக்கணும், தனியாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் கல்லூரிக்கு அப்படி ஏதாவது தொடர்பு இருக்கா என்று துறைத்தலைவரிடம் விசாரிங்க. 'ஜெனசிஸ்' என்ற இளைஞர் பரிமாற்றத் திட்டம் 2007-இல் ஆரம்பித்தது. அதிலும் கொடி உண்டு, பஸ் உண்டு, நேரம் தவறாமை உண்டு!

ஹிரோஷிமாவில் இரண்டு மணி நேரம்

சில டூர்களில் ஹிரோஷிமாவும் உண்டு. அரை நாள்தான் கொடுப்பார்கள். 'சோகமான இடம், வேண்டாமே' என்று குரூப்பில் யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க.

1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. அந்த நேரத்தில் நகரத்தின் நடுவே ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள். குண்டு விழுந்தால் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு அவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயது. அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் கரிந்துபோன ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது, சோறும் உள்ளேயே கரியாகிவிட்டது. மூன்று வயதுப் பையனின் மூன்று சக்கர சைக்கிளும் இருக்கிறது. அப்பா அதை அவனோடு சேர்த்துப் புதைத்து, நாற்பது வருஷம் கழித்து எடுத்துக் கொடுத்தது. இங்கே கைடு பேசுவதை நிறுத்திவிடுவார். கொடியையும் இறக்கிவிடுவார்.

வெளியே வந்தால் சடாகோ சசாகியின் நினைவாக எழுப்பிய சிறுவர் நினைவுச் சின்னம். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள், ஆஸ்பத்திரியில் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டே. அவள் வகுப்புத் தோழர்கள் ஆரம்பித்து, நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து 1958-இல் எழுப்பியது. வருஷத்துக்குச் சுமார் 10 டன் காகிதக் கொக்குகள் அங்கே வந்து சேர்கின்றன.

அந்தப் பூங்காவில் நீங்கள் நிற்கும்போது, ஒரே நிறத் தொப்பி போட்ட நாலைந்து சிறுவர் சிறுமிகள் தயங்கித் தயங்கி உங்கள் பக்கம் வரலாம். பள்ளிச் சுற்றுலா கோஷ்டி. கையில் ஒரு தாள், அதில் ஆங்கிலத்தில் எழுதிய கேள்விகள். யாராவது ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பேசிவிட்டு வா என்று டீச்சர் அனுப்பியிருப்பார். எந்த ஊர்? ஜப்பானில் எது பிடித்தது? அமைதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது அவர்கள் குரல் ரொம்பச் சின்னதாகிவிடும். அவசரப்படாமல், சின்னச் சின்ன வார்த்தையில் பதில் சொல்லுங்கள், அவர்கள் எழுதி முடிக்கும்வரை நில்லுங்கள். கடைசியில் கையெழுத்துக் கேட்பார்கள். தமிழிலேயே போட்டுக் கொடுங்கள். பதிலுக்கு ஒரு காகிதக் கொக்கு கிடைக்கலாம்.

பஸ் கிளம்ப இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. தாராளமா நிற்கலாம்.